கடைசிக் கம்பத்துக் கேமரா

ஜூன் மாதத்தில் சாயங்காலம் 6:50 ஆனால் என் போன் ஒருதடவை அதிரும். எடுத்துப் பார்க்கவே வேண்டாம். 'புறவாசல் கேமரா ஆஃப்லைனில் உள்ளது' என்றுதான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் 'ஆன்லைனுக்கு வந்துவிட்டது' என்று இன்னொன்று வரும். அப்பாடா என்று போனைக் கீழே வைப்பதற்குள் மறுபடி ஆஃப்லைன். ராத்திரி முழுக்க இதே கூத்து. விடிந்து காப்பி குடிக்கும் நேரத்துக்குத் திறந்து பார்த்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி துவைக்கிற கல்லையும் கொடியில் காயும் துண்டையும் பளிச்சென்று காட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் வீடு தென்காசிப் பக்கம். ரயில் பெட்டிகளைக் கோத்துவிட்ட மாதிரி தெருவாசலில் இருந்து புறவாசல் வரைக்கும் ஒரே நேராகப் போகிற பழைய வீடு. தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, அதற்கும் அப்பால் புறவாசல். முன்னால் நின்று எவ்வளவு கத்தினாலும் பின்னால் துணி துவைக்கிற அம்மாவுக்குக் கேட்காது. போன வருஷம் அந்தத் துவைக்கிற கல் பக்கத்தில் பாசி வழுக்கி அப்பா விழுந்துவிட்டார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். எழுந்திருக்க முடியாமல் முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். வெறும் சுளுக்குத்தான், மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் சென்னையில் இருக்கிற எனக்கு அந்த முக்கால் மணி நேரம் மனசை விட்டுப் போகவே இல்லை. அடுத்த மாசமே கேமரா வாங்கி, உள்ளூர்ப் பையன் ஒருவரை வைத்து மாட்டியாயிற்று.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "நான் என்ன ஜவுளிக்கடையால?" என்றார்.

அப்பா மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். 2010-ல் வாரியத்தைப் பிரித்து டான்ஜெட்கோ என்று பெயர் வைத்த பிறகும் அவருக்கு அது 'போர்டு'தான். வைஃபை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. நானோ பதினைந்து வருஷமாக கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பவன். அதனால் கேமராப் பஞ்சாயத்து என் பொறுப்பில் வந்தது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வைஃபையைச் சந்தேகப்பட்டேன். சந்தேகத்துக்கு நியாயமும் இருந்தது. ரவுட்டர் தார்சாவில் இரும்பு பீரோவின் தலையில் இருந்தது. அங்கிருந்து புறவாசலுக்குள் நாலு சுவர், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனத்தில் சுண்ணாம்பும் செங்கல்லும். செயலியில் சிக்னல் அளவைப் பார்த்தால் மைனஸ் 78 டிபிஎம். டிபிஎம் என்பது சிக்னலின் பலத்தை அளக்கிற கணக்கு, மைனஸுக்குப் பின்னால் வரும் எண் சின்னதாக ஆக ஆகப் பலம் கூடுதல். வீடியோ ஒழுங்காக ஓட வேண்டுமானால் மைனஸ் 67-ஆவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ரவுட்டரை இரண்டாங்கட்டுக்கு மாற்றச் சொன்னேன். மைனஸ் 62 ஆயிற்று. பார்வைக்கு 16 எண் வித்தியாசம்தான், ஆனால் டெசிபல் கணக்கில் 10 ஏறினாலே பத்து மடங்கு. 16 என்றால் சிக்னலின் பலம் கிட்டத்தட்ட 40 மடங்கு. படம் இழுத்து இழுத்து நிற்பது அன்றோடு போயிற்று. வெற்றி என்று நினைத்தேன்.

சாயங்காலம் 6:50-க்குப் போன் அதிர்ந்தது.

கேமராக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டேன். நாலு தடவை கூப்பிட்டிருப்பேன். நாலு தடவையும் நாலு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். ரீசெட் பண்ணுங்க சார். சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கும் ஏற்பாடு செய்தோம். கேமராவை ரீசெட் செய்தால், வைஃபை விவரம் அடங்கிய கியூஆர் கோடு ஒன்றைப் போன் திரையில் வரவழைத்து அதன் கண் முன்னால் காட்ட வேண்டும். கோடு என் போனில், கேமரா ஊரில். நான் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அம்மா அதைத் திறந்து, ஸ்டூல் மேல் ஏறி, கேமராவுக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு ஆயுசு ஐந்து நிமிஷம். முதல் தடவை திரை மங்கிவிட்டது. இரண்டாம் தடவை, சரியாக அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா வீடியோ கால் போட்டாள். கேமராவுக்குக் கோட்டுக்குப் பதிலாகப் பெரியம்மா தெரிந்திருக்கிறாள். மூன்றாவது தடவைதான் 'டொய்ங்' என்று சத்தம் வந்தது. கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா, "கற்பூரம் காட்டுத மாதிரிலா காட்டுதா" என்றார்.

அன்று சாயங்காலமும் ஆஃப்லைன்.

ஐந்தாவது தடவை கூப்பிட்டபோது ஒருவர் கொஞ்சம் யோசித்து, "1 ஆம்பியர் அடாப்டருக்குப் பதிலா 2 ஆம்பியர் போட்டுப் பாருங்க" என்றார். போட்டோம். ஒரு மாற்றமும் இல்லை. அதனால் கரண்ட் பக்கம் பழுதில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இந்தக் கதையில் நான் செய்த பெரிய தப்பு இதுதான்.

இந்த 'ஆஃப்லைன்' என்ற வார்த்தையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேமரா சும்மா இருக்கும்போதும் கம்பெனி சர்வருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு சின்னச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்போமே, அந்த மாதிரி. பதில் வரவில்லை என்றால் வாத்தியார் ஆப்சென்ட் போட்டுவிடுவார். பையனுக்குக் காய்ச்சலா, பஸ்ஸை விட்டுவிட்டானா, வாசல் கேட்டைப் பூட்டிவிட்டார்களா என்பதெல்லாம் வருகைப் பதிவேட்டில் இருக்காது. கேமராவுக்குக் கரண்ட் போயிருக்கலாம், வைஃபை போயிருக்கலாம், வைஃபை இருந்து இணையம் மட்டும் போயிருக்கலாம், அட அந்தக் கம்பெனி சர்வரே படுத்திருக்கலாம். செயலி எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான் வைத்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு நாம் நேராக ரவுட்டரை முறைக்கப் போய்விடுகிறோம்.

எந்த வியாதி என்று பிரித்துச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்று கேமராவுக்குள்ளேயே இருந்தது. எனக்கு அது உறைக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. மெமரி கார்டு. இணையம் போனாலும் உயிர் இருக்கிற வரைக்கும் கேமரா தன் கார்டில் பதிந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே மறுநாள் கேமரா திரும்பி வந்ததும் அந்த நேரத்துப் பதிவைத் தேடிப் பார்த்தால் போதும். பதிவு முழுசாக இருந்தால் கேமரா உயிரோடுதான் இருந்திருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது. பதிவே இல்லை என்றால் கேமராவே செத்துப் பிழைத்திருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். சாயங்காலம் வரை பதிவு ஒரே கோடாக ஓடுகிறது. இருட்டியதும் துண்டு துண்டாக உடைகிறது. ஒரு நிமிஷம் பதிவு, இரண்டு நிமிஷம் வெற்றிடம், மறுபடி ஒரு நிமிஷம். முந்தைய மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்த பிறகு கேமரா ஆறு மணி நேரம் வராமல் கிடந்ததே, அந்த நேரத்தைத் தேடினேன். அங்கே ஒரு நொடி கூட விடாமல் பதிவாகியிருந்தது. அப்போதுதான் புரிந்தது, நான் ஒரு வியாதி என்று நினைத்தது இரண்டு வியாதி.

இன்னொரு தடயமும் போனிலேயே கிடந்தது. பழைய அறிவிப்புகளை வரிசையாகப் பார்த்தால், ஜூனில் 6:50-க்கு ஆரம்பித்த கூத்து செப்டம்பர் கடைசியில் 6:20-க்கே ஆரம்பித்துவிடுகிறது. ஊரே சீரியல் பார்க்கிற நேரம், இணையம் திணறுகிறது என்று அதுவரை சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சீரியல் மாதத்துக்கு மாதம் முன்னால் நகராது. நகர்வது சூரியன்.

இதற்கிடையில் அம்மா போனில் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

"எய்யா, அந்திக்கு விளக்கு ஏத்தும்போது புறவாசல்ல பல்லி சொல்லிக்கிட்டே இருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தினமும். விடாம சொல்லுது. எனக்கு மனசே சரியில்ல."

எந்தத் திசையில் சொல்கிறது, அதற்கு என்ன பலன் என்று பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தை வேறு பார்த்திருக்கிறாள். தென்கிழக்கு மூலை. பலனை என்னிடம் சொல்லவில்லை.

ஆயுதபூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். சாயங்காலம் புறவாசலில் நின்றபோது நானும் அந்தப் பல்லியைக் கேட்டேன். டிக். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. டிக். சத்தம் வந்த இடத்தைப் பார்த்தால் கேமரா. அதன் முகத்தில் மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்து அணைந்தன.

கேமரா லென்சுக்கும் சென்சாருக்கும் நடுவே அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கிற சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். பகலில் அது இருந்தால்தான் இலை பச்சையாகத் தெரியும். இருட்டியதும் கேமரா அந்தக் கண்ணாடியை ஒதுக்கிவிட்டு, முகத்தைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு எல்இடி விளக்குகளைப் போட்டுக்கொள்ளும். கண்ணாடி ஒதுங்குகிற சத்தம்தான் அந்த டிக். ஒரு நாளில் இரண்டு தடவை கேட்க வேண்டியது. எங்கள் வீட்டில் ராத்திரிக்கு நூறு தடவைக்கு மேல் கேட்டிருக்கும். விளக்குப் போட்டதும் கேமரா சாகிறது, மறுபடி எழுகிறது, இருட்டாக இருக்கிறதே என்று விளக்கைப் போடுகிறது, மறுபடி சாகிறது. செயலியில் இரவுப் பார்வையை அணைத்து வைத்தேன். படம் கரிச்சட்டிக்குள் பார்த்த மாதிரி இருந்தது, ஆனால் அன்று ராத்திரி ஒரு தடவை கூட ஆஃப்லைன் ஆகவில்லை.

அப்பாவிடம் வந்து, "விளக்கு எரிஞ்சா கேமரா அணையுதுப்பா" என்றேன்.

அவர் பேப்பரைக் கூட மடக்கவில்லை. "லோ வோல்டேஜ்" என்றார்.

"2 ஆம்பியர் அடாப்டர் போட்டாச்சேப்பா?"

"டேங்க் பெருசா இருந்தா என்னல, பைப்பு அரை இஞ்சுதான?"

மீட்டரை எடுக்கலாம் என்றால் அது பூஜையில் இருந்தது. அப்பாவின் பழைய மல்டிமீட்டர், டெஸ்டர், கட்டிங் பிளேயர், இடுப்புக் கயிறு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துச் சரஸ்வதி படத்தின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பூஜையில் வைத்ததை விஜயதசமி அன்று காலையில் கும்பிட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். ஆபத்து ஆனாலும் சரி, அம்மா விடமாட்டாள். மூன்றரை மாதம் பொறுத்த கேமரா இன்னும் ஒரு ராத்திரி பொறுத்தது.

மறுநாள் சாயங்காலம் 6:10-க்கு ஏணி போட்டோம். நான் இரவுப் பார்வையை மறுபடி 'ஆட்டோ'வில் வைத்தேன். மாட்டிய பையன், அடுக்களை பிளக்கில் அடாப்டரைச் செருகி, அங்கிருந்து 5 மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயரைக் கூரையோரமாக இழுத்து, கேமராவின் சொந்த வயர் தொடங்குகிற இடத்தில் வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தார். அப்பா டேப்பைப் பிரித்தார். குற்றாலச் சாரல் எங்கள் புறவாசலுக்கும் வரும். உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அதைச் சுரண்டி, துடைத்து, புதிதாக முறுக்கினார். "இதுவும் ஒரு காரணம்தான், ஆனா இது மட்டும் இல்ல" என்றார். மீட்டர் முனைகளை வைத்தார். குங்குமம் அப்பிய முகப்பில் 4.6 என்று காட்டியது.

"அடாப்டர்ல எவ்வளவு இருந்துச்சு?"

"5.1 பா."

"இப்பமே அரை வோல்ட் போச்சா? இரி, இருட்டட்டும்."

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கொடியில் இருந்த துணியின் நிறம் மங்கியது. டிக். சிவப்புப் புள்ளிகள் எரிந்தன. மீட்டரில் 4.6 சட்டென்று 4.1 ஆனது, இரண்டு மூன்று நொடி அங்கேயே தடுமாறியது, புள்ளிகள் அணைந்தன, எண் 4.9-க்குத் துள்ளியது. கேமரா செத்துவிட்டது. சுமை போனதும் வோல்டேஜ் ஏறிவிட்டது.

"கடைசிக் கம்பத்து வீடுல இது" என்றார் அப்பா. "டிரான்ஸ்பார்மர் பக்கத்துல இருக்கவன் மிக்சி, கிரைண்டர் எல்லாம் போடுவான். கடைசிக் கம்பத்துல இருக்கவனுக்கு அந்திக்கு டியூப்லைட் கண்ணடிச்சுக்கிட்டே கெடக்கும். ஆபீசுக்கு வந்து சண்டை போடுவான். வீட்டுல ஒரு கோளாறும் இருக்காது. கம்பிதான் நீளம்."

நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். அந்த வயரின் மேல் 28 கேஜ் என்று அச்சிட்டிருந்தது. அந்தக் கனத்துச் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை. 5 மீட்டர் போக, 5 மீட்டர் திரும்பி வர, ஆக 10 மீட்டர், 2 ஓமுக்குக் கொஞ்சம் மேலே. பகலில் கேமரா கால் ஆம்பியர் இழுக்கிறது, அரை வோல்ட் வழியிலேயே காலி. இரவில் விளக்குகளோடு சேர்த்து அரை ஆம்பியர், ஒரு வோல்ட் காலி. மீட்டர் காட்டியதும் அதேதான். 2 ஆம்பியர் அடாப்டர் ஏன் உதவவில்லை என்பதும் அந்தத் தாளிலேயே இருந்தது. அடாப்டரால் எவ்வளவு தர முடியும் என்பதல்ல கேள்வி, வழியில் எவ்வளவு தொலைகிறது என்பதுதான்.

"230-ல ஒரு வோல்ட் போனா எவனுக்கும் தெரியாது. அஞ்சுல ஒண்ணு போனா அஞ்சுல ஒரு பங்குலா போச்சு? இதுக்குத்தான 11 கேவி-ல ஊர் வரைக்கும் கொண்டாந்து, வீட்டுப் பக்கத்துல டிரான்ஸ்பார்மர வச்சு இறக்குதோம். நீ சப்ஸ்டேஷன்ல இருந்தே 230-ஐ இழுத்துட்டு வார மாதிரி பண்ணி வச்சிருக்க."

நான் பண்ணவில்லை, அந்தப் பையன் பண்ணினார் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். வாங்கிக் கொடுத்த வயர் என்னுடையது. மலிவாகக் கிடைத்தது என்று 5 மீட்டரை ஆன்லைனில் போட்டவன் நான்தான்.

மறுநாள் அப்பாவே வேலையை முடித்தார். அடுக்களைச் சுவரில் இருந்து புறவாசல் சன்ஷேடுக்கு அடியில் வரை பைப்புக்குள் 1 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்து, சாரல் படாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு பிளக் பாயிண்ட். அடாப்டர் அந்தப் பெட்டிக்குள்ளேயே. அங்கிருந்து கேமராவுக்கு அதோடு வந்த ஒரு மீட்டர் வயர் மட்டும். மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட்டார், அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டார். அன்று சாயங்காலம் ஒரே ஒரு டிக். அதோடு சரி. அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது வியாதி மிச்சம் இருந்தது. அதில் அப்பாவின் வைத்தியம் பலிக்கவில்லை. கரண்ட் போய் வந்த பிறகு கேமரா சில சமயம் உடனே வந்துவிடும், சில சமயம் மணிக்கணக்கில் வராது. அப்பா 'எர்த் சரியில்ல' என்றார். அந்த அடாப்டர் பிளக்கில் இரண்டு பின்தான், எர்த்துக்கு அங்கே வேலையே இல்லை. நான் ரவுட்டரில் கேமராவுக்கென்று ஐபி முகவரியை ஒதுக்கி வைத்தேன். அதனால் ஒரு பலனும் இல்லை, என் மனத்திருப்திக்குச் செய்தது. அம்மா அறிவித்த தீர்வு, ரவுட்டரை ஒருதடவை அணைத்துப் போடுவது. அது மட்டும் பாதி நாள் வேலை செய்தது. ஏன் பாதி நாள் மட்டும்?

அடுத்த தடவை கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனல் 13-ல் உட்கார்ந்திருந்தது. அதற்கு முந்தின நாள் 6. ரவுட்டரில் சேனல் 'ஆட்டோ' என்று இருந்தால், ஒவ்வொரு தடவை எழும்போதும் அக்கம்பக்கத்து வைஃபைகளை மோப்பம் பிடித்துவிட்டு, கூட்டம் குறைந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு. அமெரிக்காவில் பொதுவாக 11-தான் எல்லை. எங்கள் கேமராவின் மென்பொருள் அமெரிக்கக் கணக்கில் இருந்தது போலிருக்கிறது. ரவுட்டர் 13-க்குப் போன அன்றெல்லாம், அதைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் வைஃபையே இல்லை. போனில் வைஃபை நன்றாக வருகிறதே, கேமராவுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி! அணைத்துப் போட்டால் ரவுட்டர் மறுபடி சீட்டுக் குலுக்கும். 6 விழுந்தால் கேமரா வரும், 13 விழுந்தால் வராது.

ஆட்டோவை எடுத்துவிட்டு 6 என்று நிலையாக வைத்தேன். 2.4-ல் 1, 6, 11 இந்த மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஓடும், அதில் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். அந்த வியாதியும் தீர்ந்தது. இதை அப்பாவுக்கு விளக்க முயன்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அது வேற பஸ்ஸு, இது வேற ஸ்டாப்பு" என்றார். அதுவேதான்.

இப்போது அப்பாவுக்கு வீட்டில் எது பழுதானாலும் லோ வோல்டேஜ்தான். போன வாரம் அம்மாவின் போனில் யூடியூப் நின்று நின்று ஓடியதற்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தாராம்.

கேமரா கடைசியாக ஆஃப்லைன் ஆகி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. முந்தாநாள் ராத்திரி 2:10-க்குப் போன் அதிர்ந்தது. 'புறவாசலில் அசைவு கண்டறியப்பட்டது'. பதறித் திறந்தேன். ராத்திரியில் பூச்சி வரும், பூச்சியைத் தேடி அதுவும் வந்திருக்கிறது. லென்ஸ் முழுக்க வெள்ளை வயிறும் நாலு கால்களும். காலையில் அம்மாவிடம் சொன்னேன்.

"சொல்லுச்சாய்யா?" என்றாள்.

"இல்லம்மா, சும்மா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"எந்த மூலை?"